மூன்று பெட்டிகளுக்கு நடுவே

அக்காவையும் குழந்தையையும் மருத்துவமனையிலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். காதுப் பிரிவுக்கு என்று நம்பி இணையத்தில் அவள் செய்திருந்த முன்பதிவு கண் பிரிவில் விழுந்திருந்தது. மூன்று வயதாகியும் பேச்சு வராத மகளின் செவித்திறனை அறியும் பரிசோதனை அது. அடுத்த தேதி பதினொரு வாரம் கழித்துத்தான் என்றார்களாம்.

தங்கை அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு அக்கா வீட்டுக்கு வந்தபோது மாமாவின் குரல் படிக்கட்டுவரை கேட்டது.

"வாம்மா. உங்க அக்காவுக்குக் கண்ணு எது காது எதுன்னு தெரியலையாம். கேட்டா, சரியாத்தான் அமுக்கினேன்னு சாதிக்கிறா."

"நீங்க ஒரு தடவை அமுக்கிப் பாத்திருக்கலாமே?" என்றாள் அக்கா.

"எனக்கு எங்க நேரம்?"

"நேரமில்லாதவருக்கு வாய் மட்டும் ஓவர்டைம் பாக்குது." பிறகு கைபேசியைத் தங்கையிடம் நீட்டினாள். "நீயே பாருடி. கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டுதான் பண்ணேன்."

அந்த முன்பதிவுப் பக்கத்தை வடிவமைத்தவள் தங்கைதான். கணினித் திரையில் கண், காது, பல் என மூன்று பெட்டிகள் மூன்று நெடுவரிசைகளாக அருகருகே நிற்கும். அவற்றுக்கு நடுவே முப்பத்திரண்டு பிக்சல் இடைவெளி. அந்த ஓர் எண்ணுக்காக ஒரு நாள் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டிருந்தாள். கைபேசியிலோ பெட்டிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிக்கொள்ளும். பக்கவாட்டு இடைவெளிக்கு அங்கே வேலையில்லை. மேலுக்கும் கீழுக்கும் நடுவே வேண்டும். அந்த அளவை அவள் எழுதவே இல்லை. கணினியில் உலாவிச் சன்னலின் விளிம்பை இழுத்துக் குறுக்கியபோது பெட்டிகள் கீழிறங்கின. அதுவே போதுமென்று மூடிவிட்டிருந்தாள். உண்மையான கைபேசி ஒன்றைக் கையில் எடுக்கவில்லை.

இங்கே, அக்காவின் கைபேசியில், கண் பிரிவின் 'பதிவு செய்க' பொத்தான் 'காது' என்ற தலைப்பின் உச்சந்தலையில் ஒட்டிக்கொண்டிருந்தது. காதுக்கு உரிய பொத்தான் நீண்ட விளக்கத்துக்குக் கீழே, திரைக்கு வெளியே கிடந்தது. உறுதிச் சீட்டிலும் தேதியும் எண்ணும் மட்டுமே வந்திருந்தன.

தங்கை அடுக்களைக்குள் போய் மேலாளரை அழைத்தாள். எதையும் 'இப்பவே' கேட்பவர் என்பதால் அலுவலகத்தில் அவருக்கு அதுவே பெயர்.

"தெரியும்மா. நாப்பத்திமூணு பேர் மாத்திப் பதிஞ்சிருக்காங்க. பயன்படுத்தினவங்க கவனக்குறைவுன்னு அறிக்கை குடுத்தாச்சு. நீ விட்டுப்போன அந்த இடைவெளி வரியை மட்டும் சத்தமில்லாம சேத்துடு. இப்பவே."

"அவங்க தேதி, சார்? பக்கத்தோட அமைப்புல பிழைன்னா ஒரு வாரத்துல மாத்துத் தேதி தரணும்னு மருத்துவமனை விதியே இருக்கே."

"பிழைன்னு ஒத்துக்கிட்டா ஒப்பந்தமும் போயிடும், உன் வேலையும் போயிடும். எதுக்கு வீணா? ஊர் வம்பை விலைக்கு வாங்காதே."

அவள் மடிக்கணினியை உணவு மேசையில் திறந்து அந்த வரியைச் சேர்த்தாள். அக்காவின் கைபேசியில் பெட்டிகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி நின்றன. அரை நிமிட வேலை. அதை யாரும் அறியவேண்டிய கட்டாயமில்லை. மாமாவின் ஏச்சு இரண்டு நாளில் ஓய்ந்துவிடும். பதினொரு வாரம் மட்டும் ஓயாது.

"மாமா, அக்கா மேல தப்பில்ல. அவ பாத்தது காதுதான். நான் பக்கத்தைப் போட்ட விதம்தான் தப்பு."

அக்காவின் முகத்தில் தங்கை எதிர்பார்த்த நிம்மதி வரவில்லை.

"பெரிய திரையிலதான் எல்லாரும் பாப்பாங்கன்னு நினைச்சியாடி? எங்க வீட்டுல கம்ப்யூட்டர் எங்கடி இருக்கு?"

தங்கை மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்தாள். மருத்துவமனைக்குக் கடிதம் எழுதினாள்: நாற்பத்துமூன்று பதிவுகள் தவறியதற்குப் பக்கத்தின் அமைப்பே காரணம், அதை அமைத்தவள் நான், அவர்களுக்கு மாற்றுத் தேதி தரவேண்டும். கீழே தன் பெயரையும் மேலாளருக்கு ஒரு நகலையும் சேர்த்து அனுப்பினாள்.

சில நிமிடங்களில் மேசைமேல் அவள் கைபேசி உரக்க ஒலிக்கத் தொடங்கியது. இப்பவே. அவள் எடுக்கவில்லை, அது விடாமல் அடித்தது. மாமா திடுக்கிட்டுத் திரும்பினார். மேசையின் காலருகே உட்கார்ந்து டப்பாவுக்கு மூடி பொருத்திக்கொண்டிருந்த குழந்தை நிமிரவில்லை. மூவரும் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.