புதன்தோறும் பத்து நாற்பதுக்கு

பஸ் டிரைவருக்கும் அழகு நிலையக்காரிக்கும் இதுவரை நானூற்றுப் பதினாறு முறை கல்யாணம் ஆகியிருக்கிறது. அதே பெண், அதே மாப்பிள்ளை, அதே பதிவு அலுவலகம், புதன்கிழமை காலை பத்து நாற்பது. முதல் தடவை அவர்களுக்குக் கிடைத்த டோக்கன் அந்த நேரத்துக்கு. பெண்ணின் அம்மா காலண்டர் தாளோடு வாசலிலேயே வழிமறித்தாள். பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை குளிகை, குளிகையில் செய்த காரியம் திரும்பத் திரும்ப நடக்கும், நகை வாங்கலாம், கல்யாணம் மட்டும் ஆகாது என்றாள். சரி, பன்னிரண்டுக்கு மேல் என்றால் ராகு காலம். ஒன்றரைக்கு மேல் என்றால் மாப்பிள்ளைக்கு அன்றைக்கு டியூட்டி. பதிவாளர் பேனாவை நீட்ட, இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

அடுத்த புதன்கிழமை சிக்னலில் நின்றிருந்த பஸ்ஸில் டிரைவர் சீட் காலியானது. அதே நேரம் அழகு நிலையத்தில் ஒரு பெண்மணி பாதி வெட்டிய தலையோடு கண்ணாடியில் தன்னை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். இருவரும் பதிவாளர் முன்னால் நின்றார்கள், அவள் கையில் கத்தரிக்கோல். சாட்சிகளையும் குளிகை விட்டுவைக்கவில்லை. கண்டக்டர் சில்லறைப் பையோடும், அம்மா வாயில் பற்பசை நுரையோடும் வந்து சேர்ந்தார்கள். பதிவாளர் இரண்டு வாரம் விளக்கம் கேட்டார். மூன்றாம் வாரத்திலிருந்து பதிவேட்டைத் திருப்பி வைத்துவிட்டு "வந்தாச்சா?" என்று மட்டும் கேட்டார். பஸ் கம்பெனி அவனுக்குப் புதன்கிழமை மதியம் வரை லீவு கொடுத்தது. அவளும் கடைக் கதவில் நேரத்தை மாற்றி எழுதினாள்.

கல்யாணம்தான் வாரா வாரம் நடந்ததே தவிர, குடும்பம் நடக்கவில்லை. அவன் சரியான கல்லுளிமங்கன். சாப்பிட்டாயா என்றால் "ம்", சம்பளம் ஏறியதா என்றால் "ம்", உங்களுக்குக் காது கேட்கிறதா என்றாலும் "ம்". ஒன்றரை வருடம் சுவரோடு வாழ்ந்தது போதும் என்று ஒரு செவ்வாய்க்கிழமை விவாகரத்து வாங்கினாள். மறுநாள் பத்து நாற்பதுக்கு மறுபடி பெண்டாட்டி ஆனாள். மூன்று முறை இப்படிப் பட்ட பிறகு, முள்ளை முள்ளால்தான் எடுக்க வேண்டும், பிரிவையும் குளிகையிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று அம்மாவே வழி சொன்னாள். பதிவாளருக்கு எதிர் அறையில் விவாகரத்துக்குக் கிடைத்த டோக்கன் பதினொன்று ஐம்பதுக்கு. அன்றிலிருந்து அவர்கள் வாரத்துக்கு எழுபது நிமிடம் மட்டும் புருஷன் பெண்டாட்டி.

அந்த எழுபது நிமிடத்தை இரண்டு அறைகளுக்கும் நடுவில் கிடந்த பெஞ்சில் கழித்தார்கள். எழுந்து போய்ப் பிரயோஜனமில்லை, பதினொன்று ஐம்பதுக்குக் குளிகை இழுத்து வந்துவிடும். முதல் சில மாதங்கள் அவள் சுவரிலிருந்த அறிவிப்புகளைப் படித்தாள், அவன் மின்விசிறியைப் பார்த்தான். பிறகு ஒருநாள், தினமும் கடைசி நிறுத்தம் வரை வந்து, இறங்காமல் அதே பஸ்ஸில் திரும்பிப் போகும் ஒரு பெரியவரைப் பற்றிச் சொன்னான். வீட்டுக்காரிக்குப் பயந்து அப்படிச் சுற்றுகிறாராம். அவள் சிரித்துவிட்டாள். அடுத்த வாரம் இன்னொன்று சொன்னான். வெட்டிப் பேச்சைக் குளிகை ஒரு காரியமாக மதிப்பதில்லை, அதனால் பேச்சு திரும்ப வராமல் வளர்ந்துகொண்டே போனது. மூன்று வருடத்தில் எழுபது நிமிடம் போதவில்லை.

அவளை வீட்டுக்குத் திரும்பக் கூப்பிட வேண்டும் என்று அவனுக்கு ஆசை. மற்ற நாட்களில் அவள் யாரோ, இவன் யாரோ, கேட்க உரிமை இல்லை என்று நினைத்தான். பன்னிரண்டுக்கு மேல் ராகு காலம். மிஞ்சியது குளிகை. குளிகையில் கேட்டு அவள் மாட்டேன் என்றுவிட்டால், அந்த மாட்டேன் சாகும்வரை வாரா வாரம் வரும். ஒரு மாட்டேனை மனுஷன் தாங்கிக்கொள்ளலாம். வருடத்துக்கு ஐம்பத்திரண்டை யார் தாங்குவது? மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் இருந்தான்.

ஒரு புதன்கிழமை பதினொன்றரைக்கு, அம்மா ஒரு வரன் பார்த்திருப்பதாக அவள் சொன்னாள். நல்ல மனிதராம். புதன்கிழமை காலையில் மட்டும் அவளை விட்டுக்கொடுக்கச் சம்மதித்துவிட்டாராம். அவன் பத்து நிமிடம் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வீட்டுக்கு வர்றியா?" என்றான்.

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். "குளிகைன்னு தெரிஞ்சுதான் கேக்குறீங்களா?"

"தெரியும்."

"மாட்டேன்னு சொன்னா, ஒவ்வொரு வாரமும் சொல்லுவேன்."

"சொல்லு. நானும் ஒவ்வொரு வாரமும் கேக்குறேன்."

அவள் கழற்றி வைத்திருந்த செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டாள். பிறகு, "வர்றேன்" என்றாள். பதினொன்று ஐம்பதுக்கு விவாகரத்து முடிந்ததும், ராகு காலம் பிறப்பதற்குள் வீடு போய்ச் சேர வேண்டும் என்று ஆட்டோ பிடித்தார்கள்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டு வரனுக்குச் சமாதானம் சொல்லி அனுப்பினாள். வாரத்தில் ஆறு நாள், இருபத்திரண்டு மணி, ஐம்பது நிமிடம் மகள் கல்யாணமாகாமல் ஒருவனோடு இருக்கிறாள் என்பது அவளுக்குச் சங்கடம்தான். அக்கம்பக்கத்தில் யாராவது வாயைத் திறந்தால் மட்டும், புதன்கிழமை பதினோரு மணிக்கு வந்து பாருங்கள் என்பாள்.

இப்போதும் பதினொன்று நாற்பதுக்குப் பதிவாளர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் காது கொடுக்கிறார். கேள்வி வருகிறது, பதிலும் வருகிறது, ஒரு சொல் கூடுவதில்லை, குறைவதில்லை. அவள் என்ன சொல்வாள் என்பது வாசலில் நிற்கும் காவலாளிக்குக்கூடத் தெரியும். அப்படியிருந்தும் கேட்டு முடித்ததும் அவனுக்கு உள்ளங்கை வேர்த்துவிடுகிறது. அது குளிகையின் வேலை இல்லை. அவள் அந்தக் கையை எடுத்துத் தன் முந்தானையில் துடைத்துவிடுகிறாள். பிறகு இருவரும் எழுந்து விவாகரத்துக்குக் கையெழுத்துப் போடப் போகிறார்கள்.