கடைசி பெஞ்சுக்கு ஒரு வார்த்தை

அந்தப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை ரேங்க்படி உட்கார வைத்தது போதாதென்று, பெற்றவர்களையும் ரேங்க்படிதான் உட்கார வைப்பார்கள். மாதாமாதம் பெற்றோர் கூட்டம் நடக்கும் சனிக்கிழமை, மேல்நிலை வகுப்பு அறையில் முதல் ஐந்து ரேங்க் பிள்ளைகளின் அப்பா அம்மாவுக்கு ஆபீஸ் ரூமிலிருந்து மெத்தை வைத்த நாற்காலி வரும். அதற்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலி. அதற்கும் பின்னால் வெறும் பெஞ்ச். கடைசியில், துடைப்பம் வைக்கிற அலமாரியை ஒட்டி, ஒரு கால் குட்டையான பெஞ்ச் ஒன்று கிடக்கும். அதில் உட்கார்ந்தவர் மூச்சைக் கொஞ்சம் பலமாக விட்டாலும் 'டொக்' என்று சத்தம் வரும். முன்வரிசை மொத்தமும் திரும்பிப் பார்க்கும். இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்த மகானுபாவர் பிரின்சிபால். இப்படிச் செய்தால்தான் பெற்றோருக்குப் பொறுப்பு வருமாம்.

அவள் இரண்டு வருஷமாக அந்த ஆடுகிற பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய மகளுக்குக் கணக்கும் வரவில்லை, இயற்பியலும் வரவில்லை. பக்கத்தில் ஒரு கம்பவுண்டர் உட்காருவார். அந்த மனுஷனுக்கு அங்கே பிள்ளையே கிடையாது. அவருடைய முதலாளி பல் டாக்டரின் மூத்த மகன்தான் வகுப்பில் கடைசி. ஊரார் வாயையெல்லாம் திறக்கச் சொல்லிப் பார்க்கிற டாக்டருக்கு இந்தப் பெஞ்சில் வந்து உட்கார வெட்கம். அதனால் கம்பவுண்டரை அனுப்பிவிடுவார். அவரும் தன் பிள்ளைக்கே திட்டு விழுவதுபோலத் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டு, கிளினிக் திறக்க நேரமாகிவிட்டது என்று ஓடுவார்.

கூட்டம் என்று பேர்தானே தவிர, அது முதல் ரேங்க் அம்மாவின் கச்சேரி. நாற்பது பேர் இருக்கிற அறைக்கு மைக் எதற்கு என்று யாரும் கேட்கக் கூடாது. முதல் ரேங்க் அம்மா கையில் மைக் வந்துவிட்டால் கீழே இறங்காது. மகள் விடிகாலை நான்கு மணிக்கு எழுந்துவிடுகிறாளாம். டிவிக்குத் துணி போர்த்திவிட்டார்களாம். மகள் படிக்கும்போது வீட்டில் எல்லாரும் கரண்டி தட்டில் படாமல் சாப்பிடுவார்களாம். இரண்டு வருஷமாக எந்தக் கல்யாணத்துக்கும் அந்தப் பெண்ணை அழைத்துப் போகவில்லை, சொந்தக்காரர்களுக்கு அவள் முகமே மறந்துபோய்விட்டது என்பதை ஏதோ பதக்கம் வாங்கியதுபோலச் சொல்லுவாள். பிளாஸ்டிக் நாற்காலிக்காரர்கள் விழுந்து விழுந்து எழுதிக்கொள்வார்கள். பேச்சை முடிக்கும்போது, பின்னால் இருக்கிறவர்களும் மனம் தளரக் கூடாது என்று கடைசி பெஞ்சைப் பார்த்து ஒரு புன்னகை வேறு.

இந்த இடத்தில், கடைசி பெஞ்சில் இருந்தவளின் வேலையைச் சொல்லிவிட வேண்டும். வாஷிங் மிஷின் சர்வீஸ் சென்டரில் புகார் கவுண்டரில் உட்காருகிறவள் அவள். வாங்கி மூன்று மாதத்தில் மிஷின் புகைகிறது, தண்ணீரைக் கக்குகிறது என்று காளிபோல ஆடிக்கொண்டு வருகிறவர்களை வெறுங்கையோடு திருப்பி அனுப்புவதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். முதலில் உட்கார வைக்க வேண்டும். உட்கார்ந்தவனுக்குக் குரல் பாதிதான் எழும். அடுத்து ஒரு டம்ளர் தண்ணீர். அப்புறம், உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் இப்படித்தான் கோபப்படுவேன் என்று ஒரு தடவல். ஆள் தணிந்த சமயம் பார்த்து ஒரு தாளை நீட்டி, இங்கே ஒரு கையெழுத்து மட்டும் போடுங்கள் என்று சொல்ல வேண்டும். பழுது சரிசெய்யப்பட்டது, எனக்குத் திருப்தி என்று அந்தத் தாளில் அச்சடித்திருக்கும். படித்துப் பார்ப்பவர் அபூர்வம். கையெழுத்துப் போடாமல் அங்கேயே குத்துக்கல்லாக உட்கார்ந்துவிடுகிறவருக்குத்தான், வேறு வழியில்லாமல், புது மிஷின் போகும். இது அவளுக்கும் மேனேஜருக்கும் மட்டுமே தெரிந்த சங்கதி.

பன்னிரண்டாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வில் மகளுக்குக் கணக்கு போனது, இயற்பியலும் போனது. அடுத்த வாரமே கடைசி பெஞ்ச் பெற்றோரை ஒவ்வொருவராகப் பிரின்சிபால் ரூமுக்குக் கூப்பிட்டார்கள். முதலில் கம்பவுண்டர் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார். பிரின்சிபால் போனில் சொன்னதுமே டாக்டர் தாளை வரவழைத்து வீட்டிலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாராம், இவர் கொண்டுபோய் வைத்ததோடு சரி. என்ன தாள் என்று அவள் கேட்டாள். பையன் பள்ளியிலிருந்து விலகித் தனியாகப் பரீட்சை எழுதிக்கொள்வானாம், அவ்வளவுதான் தனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டு அவர் கிளினிக்குக்குக் கிளம்பினார்.

அவள் உள்ளே போனதும் பிரின்சிபால் எழுந்து நின்று நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தாள். ஒரு டம்ளர் தண்ணீர் வந்தது. அவளுக்கு அங்கேயே மூக்கு வேர்த்துவிட்டது. பெற்ற மனசு என்ன பாடுபடும் என்று தனக்குத் தெரியாதா, தனக்கும் ஒரு பெண் இருக்கிறாள் என்று அவர் குரலைத் தாழ்த்தினார். அட, அச்சு அசலாகத் தன் கவுண்டரையே தூக்கிக்கொண்டு வந்து இங்கே போட்டிருக்கிறானே இந்த ஆள் என்று அவளுக்குச் சிரிப்பு முட்டியது. அதையும் உருப்படியாகச் செய்யத் தெரியவில்லை. தண்ணீரைக் குடிக்க விடாமலே தாளை நீட்டிவிட்டார்.

அவள் தாளைப் படித்தாள். எங்கள் சொந்த விருப்பத்தின் பேரில் எங்கள் மகளைப் பள்ளியிலிருந்து விலக்கிக்கொள்கிறோம் என்று இருந்தது. பதினோரு வருஷமாக அந்தப் பள்ளி நூற்றுக்கு நூறு தேர்ச்சி. வாசலில் ஆள் உயரத்துக்குப் போர்டு வைத்திருக்கிறார்கள். அந்த நூறு எப்படி வருகிறது என்பது அவளுக்கு அந்த நிமிஷம்தான் புரிந்தது. பாஸாக மாட்டார்கள் என்று தோன்றுகிற பிள்ளைகளைப் பரீட்சைக்கு முன்னாலேயே வாசலுக்கு வெளியே தள்ளிவிட்டால் மிச்சம் இருப்பவர்கள் நூறு சதவீதம் பாஸாகாமல் என்ன செய்வார்கள். இதற்கு ஒரு பிரின்சிபால், அவருக்கு ஒரு டை, அந்த டைக்கு ஒரு பின்.

"நான் கையெழுத்து போடலைன்னா?" என்று கேட்டாள்.

அவர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார். பள்ளி ஒன்றும் செய்யாது, ஆனால் பிள்ளையின் மனசு உடைந்துவிடுமே என்றார். பதில் சொல்வதற்கு முன்னால் அவர் தயங்கிய தயக்கத்திலேயே அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. கையில் ஒன்றும் இல்லாதபோது அவளும் கவுண்டரில் இப்படித்தான் தயங்குவாள். வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்கிறேன் என்று தாளை எடுத்துக்கொண்டு எழுந்தாள். தண்ணீரைத் தொடவில்லை.

வீட்டில் கலந்து பேச யார் இருக்கிறார்கள். புருஷன் கப்பலில் சமையல்காரன். எது நல்லதோ அதைச் செய் என்று சொல்லிவிட்டு, டவர் இல்லை என்று போனை வைத்துவிட்டான். மகள்தான் எதிரில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் தாளைக் காட்டி, அந்த ஆள் சாமர்த்தியத்தைப் பார் என்று ஆரம்பித்தாள்.

"போட்டுடும்மா," என்றாள் மகள்.

அவளுக்குச் சுருக்கென்றது.

"மிஸ் கிளாஸ்ல அழுதாங்கம்மா. என் ஒருத்தியால எல்லாருக்கும் கெட்ட பேரு வரப்போகுதுன்னு. எல்லாரும் என்னையே பாத்தாங்க. நான் போயிட்டா அவங்களுக்கு நூறு வந்துடும். அதுதான் எல்லாருக்கும் நல்லது."

இரண்டு வருஷமாக அந்தப் பள்ளிக்கூடத்தில் இந்தப் பிள்ளைக்குக் கணக்கு ஏறவில்லை, இயற்பியல் ஏறவில்லை. தான் அங்கே இருப்பதே மற்றவர்களுக்குச் செய்கிற கெடுதல் என்கிற பாடம் மட்டும் ஒரு எழுத்துப் பிசகாமல் ஏறியிருக்கிறது. சொல்லிக் கொடுத்தவர்களை நடுத்தெருவில் நிறுத்தி நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேட்க வேண்டும் என்று அவளுக்கு வந்தது. மகள் முகத்தைப் பார்த்ததும் அதை அடக்கிக்கொண்டாள்.

"ஃபெயிலானா ஃபெயிலு," என்றாள். "உன் பேருல எழுதி, உன் பேருல ஃபெயிலாவு. அவங்க போர்டு பளபளன்னு இருக்கணும்னு நீ எதுக்குடி ஓடி ஒளியணும்?"

மகள், கணக்குப் புத்தகம் தன்னிடம் இருக்கிறதா, டெஸ்க்கிலேயே விட்டுவிட்டோமா என்று பையைத் துழாவ ஆரம்பித்தாள்.

அதற்கப்புறம் பள்ளிக்கூடம் தன் சுயரூபத்தைக் காட்டியது. ரிவிஷன் தாள்கள் மகளுக்கு மட்டும் வராது. கேட்டால் தீர்ந்துவிட்டது என்பார்கள். சந்தேகம் கேட்க எழுந்து நின்றால் கவனிக்காத மாதிரி டீச்சர் போர்டுப் பக்கம் திரும்பிக்கொள்வார். மகள் பள்ளி விட்டதும் நேராகச் சர்வீஸ் சென்டருக்கு வந்துவிடுவாள். பின்கட்டில் பழுது பார்த்த மிஷின்களை வரிசையாக ஓடவிட்டுச் சோதிப்பார்கள். தரையே அதிரும். அந்த இரைச்சலில், அட்டைப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு, பழைய வினாத்தாள்களில் தனக்குப் பிடிபடுகிற கணக்குகளைத் திரும்பத் திரும்பப் போட்டாள். பிடிபடாததை விட்டுத் தொலைத்தாள். காலையில் ஆறரைக்கு மேல்தான் எழுந்தாள். கரண்டி தட்டில் பட்டுக்கொண்டேதான் இருந்தது.

ஹால் டிக்கெட்டைக் கடைசிவரை கொடுக்காமல் இழுத்தடித்துப் பார்த்தார்கள். அவள் லீவு போட்டுவிட்டு ஆபீஸ் ரூம் வாசலில் போய் உட்கார்ந்தாள். கத்தவில்லை, கெஞ்சவில்லை. தண்ணீர் கொடுத்தார்கள், வேண்டாம் என்றாள். டீ கொடுத்தார்கள், வேண்டாம் என்றாள். சேர்க்கைக்கு வந்த புதுப் பெற்றோர் எல்லாம் இந்த அம்மா எதற்கு உட்கார்ந்திருக்கிறார் என்று கேட்க ஆரம்பித்ததும், மத்தியானத்துக்குள் ஹால் டிக்கெட் வந்துவிட்டது.

மகள் பாஸானாள். கணக்கில் இன்னும் இரண்டு மார்க் குறைந்திருந்தால் போயிருப்பாள், ஆனாலும் பாஸ். வாசலில் பன்னிரண்டாவது வருஷமாக நூறு சதவீதம் என்று புதுப் போர்டு ஏறியது. வெட்கமே இல்லாமல் மகளையும் சேர்த்துத்தான் எண்ணியிருந்தார்கள்.

இதோடு நின்றிருந்தால் கதையே இல்லை. அடுத்த வருஷம் அரையாண்டு முடிந்த சமயம் பிரின்சிபாலே போன் செய்தார். அன்றைக்குத் தான் கண்டித்துச் சொன்னதால்தான் அந்தப் பிள்ளைக்கு ரோஷம் வந்து கரையேறியது, இந்த வருஷத்துப் பெற்றோருக்கு அவள் வந்து நாலு வார்த்தை அறிவுரை சொல்ல வேண்டும் என்றார். அவர் அதை நிஜமாகவே நம்பினார் என்பதுதான் வேடிக்கை. எதை வேண்டுமானாலும் தன் கணக்கில் வரவு வைத்துக்கொள்கிற ஜன்மம் அது. வருகிறேன் என்றாள்.

மெத்தை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். பக்கத்து நாற்காலியில் முதல் ரேங்க் அம்மா. மகள் காலேஜுக்குப் போய்விட்டாள், இவளுக்கு மைக்கை விட மனசில்லை. நாலு மணி, டிவித் துணி, கரண்டி என்று அதே பல்லவியைப் பாடி முடித்தாள். அதைக் கேட்டுக்கொண்டிருந்தவள் திரும்பிக் கடைசி பெஞ்சைப் பார்த்தாள். அங்கே அதே கம்பவுண்டர். டாக்டருக்கு இரண்டாவது மகனும் இருக்கிறான். மூத்தவன் தனியாக எழுதி, தவறிப்போய், இப்போது வீட்டுக்கு யார் வந்தாலும் அறையைச் சாத்திக்கொள்கிறான் என்று வாசலில் பார்த்தபோது கம்பவுண்டர் சொல்லியிருந்தார். பள்ளிக்கூடமும் தேறியிருந்தது. இந்த வருஷம் தாளைக் கவரில் போட்டு முன்னாலேயே வீடுகளுக்கு அனுப்பிவிட்டார்கள். தண்ணீர்ச் செலவு மிச்சம். கம்பவுண்டரின் சட்டைப் பையில் டாக்டரின் கையெழுத்தோடு அந்தக் கவர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

மைக் அவள் கைக்கு வந்தது.

"முன்னாடி இருக்கறவங்களுக்கு நான் சொல்ல ஒண்ணுமில்லைங்க. உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே," என்றாள். "கடைசி பெஞ்சுல இருக்கறவங்களுக்கு ஒரே ஒரு வார்த்தை. உங்க வீட்டுக்கு ஒரு கவர் வந்திருக்கும். சொந்த விருப்பத்தின் பேரில் அப்படின்னு எழுதியிருக்கும். உங்களுக்கு அந்த விருப்பம் இல்லைன்னா கையெழுத்து போடாதீங்க. போட்டிருந்தா இவங்க கையில குடுக்காதீங்க. குடுக்கலைன்னா இவங்களால ஒண்ணும் பண்ண முடியாது. நானும் குடுக்கலை."

பிரின்சிபால் சமாளித்துக்கொண்டு, அம்மா எப்போதும் தமாஷாகத்தான் பேசுவார்கள் என்று பெரிதாகச் சிரித்தார். பிளாஸ்டிக் நாற்காலிகளும் கூடவே சிரித்தன. முதல் ரேங்க் அம்மா மைக்கை வாங்கக் கையை நீட்டினாள்.

'டொக்' என்று சத்தம் வந்தது. எல்லாரும் திரும்பினார்கள். கம்பவுண்டர் எழுந்து நின்றிருந்தார். பையிலிருந்த கவரை எடுத்து நாலாக மடித்தார். குனிந்து, பெஞ்சின் குட்டைக் காலுக்கு அடியில் அதைச் செருகினார். கையால் அழுத்திப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். பெஞ்ச் ஆடவில்லை.