அப்பாவின் தோளில் ஓர் ஏப்பம்

அன்பரசுவுக்கு வலது கை முழங்கைக்குக் கீழே இல்லை. கல்லூரியில் படிக்கும்போது கரும்புச்சாறு மெஷினில் சிக்கிப் போனது. இடது கையால் எழுதப் பழகி, பரீட்சை எழுதி, இப்போது திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிறான். சட்டைப் பொத்தான் போடக்கூட யாரையும் கூப்பிடமாட்டான்.

ஆனால், சிதம்பரம் ஆஸ்பத்திரியில் மகள் பிறந்ததிலிருந்து அவன் அவளைத் தூக்கவே இல்லை. மடியில் வைத்தார்கள், வைத்தவர்கள் தங்கள் கையை எடுக்கவில்லை. அவனும் கேட்கவில்லை. ஆபரேஷன் செய்து பிரசவம் என்பதால் மனைவி ஜெயராணியால் எழுந்து உட்கார முடியாது. படுத்தபடியே பால் கொடுப்பாள். அவள் தங்கை பிரிசில்லாதான் குழந்தையைத் தோளில் போட்டு, முதுகைத் தட்டி ஏப்பம் விட வைப்பாள்.

அன்று காலை பிரிசில்லா இட்லி வாங்கக் கீழே போயிருந்தாள். பால் குடித்து முடித்த குழந்தை காலை உதைத்து, உடம்பை முறுக்கி, முகம் சிவக்க வீறிட்டது.

"காத்து அடைச்சிருக்கு. தூக்குங்க."

"நர்ஸக் கூப்புடறேன்."

"அவுங்க வர்றப்ப வரட்டும். நீங்க தூக்குங்க."

"இன்னும் கழுத்து நிக்கல, ஜெயா. தலையப் புடிச்சா தட்டறதுக்குக் கையில்ல."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. அவளுக்கு அப்பா நீங்கதான்."

அவன் ஒரு கணம் குழந்தையையே பார்த்தான். பிறகு கட்டில்மேல் நன்றாகக் குனிந்தான். இடது உள்ளங்கையைக் கழுத்துக்கடியில் நுழைத்தான். வலது முழங்கையால் குழந்தையின் பின்புறத்துக்கு முட்டுக்கொடுத்தான். அப்படியே நெஞ்சோடு சேர்த்து எழுந்து, நாற்காலியில் உட்கார்ந்து மெல்லப் பின்னால் சாய்ந்தான். குழந்தையின் பாரம் முழுவதும் அவன் மார்பில் இறங்கியது. கன்னம் பக்கவாட்டில் தோளில் பதிந்தது. பயந்து பயந்து தலையிலிருந்து கையை விலக்கினான். தலை அசையவில்லை.

இடுப்பிலிருந்து மேல்நோக்கி முதுகை நீவினான். ஒன்றும் வரவில்லை. அவனுக்கு வியர்த்தது. மறுபடி நீவினான், லேசாகத் தட்டினான்.

"ஏவ்வ்!"

பக்கத்துக் கட்டில் அமராவதி சிரித்துவிட்டாள். "யம்மா! பந்தியில சாப்புட்டு எழுந்த ஆளு மாதிரி இல்ல வுடுது!"

அவன் சட்டைக் காலரில் கொஞ்சம் பால் வழிந்தது. முறுக்கிக்கொண்டிருந்த உடம்பு தளர்ந்து, குழந்தை அங்கேயே தூங்கிப்போனது.

பிரிசில்லா உள்ளே வந்தாள். பார்சலைப் போட்டுவிட்டு இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடிவந்தாள்.

"ஐயோ மாமா, குடுங்க!"

"வேணாம் பிரிசில்லா. தூங்குறா."

நீட்டிய கைகள் மெதுவாக இறங்கின. அவன் பிடித்திருந்த விதத்தைக் குனிந்து பார்த்தாள்.

"ஏப்பம் வுட்டாளா?"

"வார்டுக்கே கேட்டுச்சு," என்றாள் ஜெயராணி, தையல் வலிக்காமலிருக்க வயிற்றைப் பிடித்துச் சிரித்தபடி.

அடுத்த முறை பால் குடித்ததும் பிரிசில்லாவே சொன்னாள்: "மாமா, ரெடியா?"

கடலூர் வீட்டுக்கு வந்த அன்று கூடம் முழுக்க உறவுக்காரர்கள். ஜெயராணி பால் கொடுத்து முடித்ததும் அன்பரசுவின் அத்தை மங்கலம் முந்திக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்தாள்.

"நீ உக்காரு அன்பு. ஒனக்கு எதுக்குச் சிரமம்? நான் தட்டறேன்."

"சிரமமா?" எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னான். "இது எனக்கும் எம் பொண்ணுக்கும் உள்ள வேல அத்த. கொஞ்சம் தள்ளிக்க."

அத்தை நாற்காலியை அவனுக்கு விட்டாள். அவன் மகளை நெஞ்சோடு அள்ளிக்கொண்டு, நிமிர்ந்த தலையோடு அதில் போய் உட்கார்ந்தான்.