இன்னொரு டின் கெட்டிப்பால்

2021 மே 16, ஞாயிற்றுக்கிழமை. மணிலாவுக்குத் தெற்கே, பத்தாங்காஸ் துறைமுகத்தை ஒட்டிய குடியிருப்பில், கப்பல் சமையல்காரன் ரோமி மனாலோவின் மகள் ஜெசாவுக்கு அன்று ஏழு வயது நிறைந்தது.

அடுப்பில் பிறந்தநாளுக்கான இனிப்பு ஸ்பகெட்டியின் சாறு கொதித்துக்கொண்டிருந்தது. கொத்திய பன்றி இறைச்சி, வட்டமாக நறுக்கிய சிவப்பு ஹாட் டாக், வாழைப்பழக் கெச்சப், ஒரு கை சர்க்கரை. கடைசியாக ஒரு டின் இனிப்புக் கெட்டிப்பாலை ஊற்றிக் கிளறினாள் ரோமியின் மனைவி விர்ஜி. வழக்கமாகப் பிறந்தநாள் சமையலில் கரண்டி ரோமியின் கையில்தான் இருக்கும். அவள் பக்கத்தில் வந்தாலே விரட்டுவான். இந்த வருடம், "நீயே செஞ்சிடு" என்று சொல்லிவிட்டு வாசலில் உட்கார்ந்து பலூன் ஊதினான்.

மார்ச்சில் வந்த காய்ச்சல் அவன் நாக்கின் ருசியைக் கொண்டுபோய்விட்டிருந்தது. அவன் யாரிடமும் சொல்லவில்லை. புளிச்சாற்றில், உப்புக்குப் பதிலாக ஊற்றும் மீன் உப்புநீரை இரண்டு தடவை ஊற்றிவிட்டு, அதையே வழித்துச் சாப்பிட்டான் ஒருநாள். அன்றைக்கு விர்ஜிக்குத் தெரிந்துபோயிற்று. அதன்பின் அவன் அந்தப்பக்கம் திரும்பும்போதெல்லாம் சட்டியில் உப்பையும் புளிப்பையும் அவள் சரிசெய்தாள். அவள் தட்டில் எதை வைத்தாலும் "நல்லாருக்கு" என்றான். கல்யாணமான நாளிலிருந்து குறை சொல்லாமல் ஒரு வாய் வைக்காதவன். அந்த "நல்லாருக்கு"தான் அவளைப் பயமுறுத்தியது. ஜூனில் கப்பல் ஏற வேண்டும். ருசி தெரியாத சமையல்காரனைக் கப்பல்காரர்கள் அடுத்த துறைமுகத்திலேயே இறக்கிவிடுவார்கள். கேட்டுவிட்டால் அது உண்மையாகிவிடும் என்பதுபோல அவள் கேட்காமலே இருந்தாள்.

ஜெசாவுக்குத் தலைசீவிவிட்டு விர்ஜி அடுக்களைக்குத் திரும்பியபோது, ரோமியின் அக்கா பெலென் காலி டின்னோடு நின்றிருந்தாள்.

"பால் ஊத்த மறந்துட்டியேடி. நான் ஊத்திட்டேன்."

"ஐயோ அக்கா, நான் முன்னாடியே ஊத்தியாச்சு!"

"அதனால என்ன? இனிப்பா இருக்குன்னு எந்தப் புள்ளையாவது அழுதிருக்கா?"

எந்தப் பிள்ளையும் அழவில்லை. பெலெனின் மூன்று பிள்ளைகளும் ஜெசாவும் மூக்கு நுனியெல்லாம் சிவப்பாக இரண்டாம் தட்டுக்கு வந்தார்கள். விர்ஜி ரோமிக்கு ஒரு தட்டு போட்டு, மேலே சீஸ் துருவிக் கொடுத்தாள். அவன் ஒரு வாய் வைத்தான். மென்றான். அவள் அந்த ஒரு சொல்லுக்காகக் காத்து நின்றாள்.

"என்னடி இது? ஸ்பகெட்டியா, கேக்கு மேல பூசுறதா?"

"வந்துட்டான்யா தொரை" என்றாள் பெலென். "பலூன் ஊதுறவனுக்கு வாயப் பாரு!"

"இன்னொரு வாய் சாப்பிடு" என்றாள் விர்ஜி.

"முடியாது. பல்லு கூசுது."

"சாப்பிடுன்னு சொல்றேன்ல."

அவளுடைய குரலைக் கேட்டு அவன் நிமிர்ந்து பார்த்தான். முள்கரண்டி பாதியில் நின்றது. பிறகு மெதுவாக இன்னொரு வாய் எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, நெடுநேரம் வாயிலேயே வைத்திருந்தான்.

"உனக்கு எப்பலேருந்து தெரியும்?" என்றான், தாழ்ந்த குரலில்.

"நீ புளிச்சாறு வச்ச அன்னிக்கே."

"அடிப்பாவி."

"ரெண்டும் என்ன குசுகுசுன்னு பேசுதுங்க?" என்றாள் பெலென்.

"ஒண்ணுமில்லக்கா. பால் ஜாஸ்தியாம்." விர்ஜி கைத்துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். ரோமி தட்டை நீட்டி இன்னும் கொஞ்சம் கேட்டான்.

அடுத்த வாரம் புளிப்பு தெரிந்தது. உப்பு மாதக் கடைசியில் வந்தது. ஜூன் மாதம் அவன் மணிலாவில் கப்பல் ஏறினான்.