ஜேசுராஜ் பூட்டிய எஞ்சின்

என் மகன் ஜேசுராஜ் கிளப்பின மாதிரி ரயில் கிளப்ப இந்த உலகத்தில் ஆளே கிடையாது. பெற்றவள் பெருமை என்று சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும், எனக்கு ஒன்றுமில்லை.

பொம்மை ரயில்தான். தொண்ணூற்றேழில், கிறிஸ்மஸ் குடிலைச் சுற்றி ஓடட்டும் என்று ஜெர்மனியிலிருந்து என் தம்பி எட்மண்ட் தண்டவாளமும் இரண்டு எஞ்சினும் ஒரு கண்ட்ரோல் பெட்டியும் அனுப்பினான். கூடவே நகம் அளவில் இரண்டு டீகோடர். அதை உள்ளே பூட்டிவிட்டால் ஒவ்வொரு எஞ்சினுக்கும் ஒரு நம்பர் கொடுத்து, ஒரே தண்டவாளத்தில் தனித்தனியாக ஓட்டலாமாம். ஜேசுராஜுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் சர்க்யூட் போர்டு சால்டர் பண்ணுகிற வேலை. முதல் எஞ்சினைத் திறந்து, மோட்டார் எங்கேயும் பாடியைத் தொடாதபடி டேப் சுற்றி, தலைமுடி மாதிரி இருந்த ஒயர்களைப் பற்றவைத்தான். அது அரை நாள் வேலை. அதற்கப்புறம்தான் பையனுக்குப் பித்துப் பிடித்தது. பெட்டியில் எண்களை மாற்றி மாற்றிப் போட்டு, எஞ்சின் கிளம்புகிற விதத்தைச் சரிசெய்துகொண்டே இருந்தான். திருமுல்லைவாயில் ஸ்டேஷனில் கூட்டம் ஏறி முடிப்பதற்குள் வண்டி நகருமே, அந்த நகர்வு வேண்டுமாம் அவனுக்கு. சோறு ஆறிப்போகும், நான் கத்துவேன். ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருக்கும் என் வீட்டுக்காரர் வேதமுத்து, இதற்கு மாட்டு வண்டியே தேவலை என்று கிண்டலடிப்பார். ஒருநாள் அது வந்தேவிட்டது. நகர்ந்ததே தெரியாமல் நகர்ந்தது.

அந்தக் கிறிஸ்மஸ் முடிந்து, தவக்காலம் தொடங்குவதற்குள் குமணன்சாவடியில் ஒரு லாரி அவனைக் கொண்டுபோய்விட்டது.

குடிலைப் பிரித்துவிட்டோம். ரயிலைப் பிரிக்க மனசு வரவில்லை. முன்னறை மேசைமேல் அப்படியே இருந்தது. ஷிஃப்ட் முடிந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் இவர் ஒரு சுற்று ஓட்டுவார். அது கிளம்புகிற நேரத்துக்கு நானும் அடுப்படியிலிருந்து வந்து நிற்பேன். அந்த ஒரு கணம் என் பிள்ளை வீட்டில் இருப்பான். அந்த எஞ்சினைத் தண்டவாளத்தைவிட்டு யாரும் தூக்கக்கூடாது என்று நாங்களாகவே ஒரு சட்டம் வைத்துக்கொண்டோம். அவன் கை வைத்த இடம். தூசி தட்டுவதுகூட நின்ற நிலையில்தான்.

துக்க வீடென்று அந்த வருஷம் ஸ்டார் கட்டவில்லை, குடில் வைக்கவில்லை. அடுத்த டிசம்பரில், இரண்டாவது எஞ்சினையும் பூட்டிவிடலாம் என்றார் இவர். இரண்டும் சேர்ந்து ஓடவேண்டும் என்பது ஜேசுராஜின் ஆசை. டாங்கி கழற்றுகிற கைக்கு இந்தத் துக்கடா எஞ்சின் பிடிபடவில்லை. ஆனால் சும்மா சொல்லக்கூடாது, ஒயர் எல்லாம் சுத்தமாகப் பற்றவைத்தார். நான் டார்ச் பிடித்தேன்.

வினை அதற்கப்புறம்தான் வந்தது. புது டீகோடருக்கும் மகன் பூட்டியதற்கும் கம்பெனியிலிருந்து வந்தபடியே ஒரே நம்பர். பெட்டியைத் தட்டினால் இரண்டும் சேர்ந்து நகர்ந்தன. நம்பர் மாற்றும்போது மாற்றவேண்டிய எஞ்சின் மட்டும்தான் தண்டவாளத்தில் நிற்கவேண்டும், இல்லாவிட்டால் நிற்கிற எல்லாமே கேட்டுக்கொள்ளும். மகனின் எஞ்சினைத் தூக்கி ஓரமாக வைத்திருந்தால் போதும். தூக்கக்கூடாததைத் தூக்க எங்களுக்கு எப்படித் தோன்றும்? புது நம்பரை இரண்டுமே வாங்கிக்கொண்டன. இவர் குழம்பிப்போய், எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கிற கட்டளையைக் கொடுத்தார்.

பிறகு ஓட்டிப் பார்த்தார். மகனின் எஞ்சின் வெடுக்கென்று குதித்து ஓடியது.

என் வாயில் வந்ததையெல்லாம் அவர்மேல் கொட்டினேன். தினம் பூசைக்குப் போகிறவள் பேசுகிற பேச்சில்லை அது. மனுஷன் பெட்டியைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து ஜேம்ஸைக் கையோடு கூட்டிவந்தோம். ஜேசுராஜோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வேலை செய்தவன். தட்டிப் பார்த்துவிட்டுத் தலையைத் தொங்கப்போட்டான்.

"உள்ள ஒண்ணுமே இல்ல அங்கிள், புச்சு மாரி கீது. அவன் கண்ணால பாத்துப் பாத்துத்தான் வெச்சான். போனது போனதுதான்."

"நாங்க தெனம் பாத்துகினுதான இருந்தோம்," என்றார் இவர். "நீ வெய்யி, நாங்க சொல்றோம்."

ஜேம்ஸ் வைத்தான். இன்னும் மெதுவாக என்றார் இவர். இவ்வளவு மெதுவில்லை என்றேன் நான். கிளம்பும்போது ஒரு சின்னத் தயக்கம் இருக்கும் என்றார். தயக்கமே கிடையாது, அதுதானே அதன் அழகு என்றேன். வார்த்தை தடித்தது. சண்டையின் நடுவில்தான் எனக்கு உறைத்தது. இவர் சொல்வது தப்பு என்று அடித்துச் சொல்கிறேன், சரி எதுவென்று எனக்கும் தெரியவில்லை.

பாவம், ஜேம்ஸ் முகம் சுளிக்காமல் மாற்றிக்கொண்டே இருந்தான். ஒரு தடவை எஞ்சின் நகர்ந்ததும் இவர் கையை உயர்த்தினார்.

"இதான்."

அது இல்லை. இவர் முகத்தைப் பார்த்தேன்.

"ஆமா, இதேதான்," என்றேன்.

ஜேம்ஸ் நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டுப் போனான். கதவைச் சாத்திவிட்டு வந்து, இவர் ரயிலை நிறுத்தி மறுபடி கிளப்பினார்.

"இது இல்லல்ல, மேரி?"

"இல்ல."

"தெரியும்." எஞ்சின் ஒரு சுற்று முடித்து வந்ததும் நிறுத்தினார். "எப்டி இருந்துச்சுன்னு எனக்கு நாபகமே இல்ல மேரி. நீயாவது சொல்லேன்."

எனக்கும் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.