அறுபத்தெட்டு வருஷத்து விக்கல்

மூங்கில் பாடையின் கடைசி முடிச்சை இறுக்கிக்கொண்டே டிரைவர் பாலுசாமி அந்தக் கதையை மறுபடியும் ஆரம்பித்தார்.

“அமெரிக்காவுல ஒருத்தனுங்க. பன்னிய எடை போடறக்குத் தூக்குனானாமா, அப்பப் புடிச்ச விக்கல். அறுவத்தெட்டு வருஷம் நிக்கவே இல்லீங்க. அதோடயே ரெண்டு கண்ணாலம், எட்டுக் கொழந்தைங்க. நம்ம திருமலைசாமி ரெண்டு மூணு நாளா பஸ்ஸுல இதையேதான் சொல்லுவாப்பல. ‘எனக்கு இப்பத்தான் மொத வாரம், பொறுங்க’ம்பாப்பல. அத்தன பேரும் சிரிப்பாங்க.”

பந்தலில் நின்றவர்களில் இரண்டு பேர் சிரித்துவிட்டு, சட்டென்று வாயைத் துண்டால் மூடிக்கொண்டார்கள். உக்கடத்திலிருந்து மலுமிச்சம்பட்டிக்குப் போகும் அந்த பஸ்ஸில் தினமும் ஏறுகிறவர்கள் அவர்கள். கண்டக்டர் திருமலைசாமியைக் கடைசியாகப் பார்க்க, வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருந்தார்கள்.

அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த சண்முகப்பிரியா காலையிலிருந்து இதை மூன்றாவது முறையாகக் கேட்கிறாள். அந்தக் கதையை இந்த வீட்டுக்குக் கொண்டுவந்தவளே அவள்தான்.

புரட்டாசியில் கிராஸ்கட் ரோட்டில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். நாலு கம்ப்யூட்டர், ஒரே ஒரு டெலிபோன் லைன். அப்பாவுக்கு அது துளியும் பிடிக்கவில்லை. “கண்டவனும் வந்து போற எடத்துல பொம்பளப்புள்ளைக்கு என்ன வேல?” என்றார். அவள் கேட்காமல் போனாள். அன்றிலிருந்து அவர் அவளிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். சட்னி வேண்டுமென்றால்கூட அம்மாவிடம்தான் கேட்பார்.

ஆள் வராத மத்தியானங்களில் அவள் இன்டர்நெட்டில் ஒரு கலைக்களஞ்சியத்தைத் திறந்து வைத்துக்கொள்வாள். ஒன்றைத் தட்டினால் இன்னொன்று, அதைத் தட்டினால் வேறொன்று. ஒரு நாள் சாப்பிடும்போது, பாஸ்டன் நகரத்தில் தொட்டி வெடித்து வெல்லப்பாகு வெள்ளமாக ஓடி இருபத்தோரு பேர் செத்ததை அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். டி.வி. பக்கம் திரும்பியிருந்த அப்பா, திரும்பாமலே கேட்டார்.

“பாகு சூடா இருந்துச்சாமா, ஆறிப்போயா?”

இரண்டு மாதத்தில் அவளிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அது. அதற்குப் பிறகு தினமும் ஒன்று தேடி எடுத்து வந்தாள். முப்பத்தெட்டு நிமிஷத்தில் முடிந்துபோன சண்டை. வானத்திலிருந்து மீன் விழுகிற ஊர். மறுநாள் அது பஸ் முழுக்கப் பரவியிருக்கும். சில்லறை கொடுக்கும்போதே, “என்ற புள்ள படிச்சதுங்க” என்று ஆரம்பிப்பாராம்.

போன திங்கட்கிழமை அவருக்கு விக்கல் பிடித்தது. சர்க்கரை தின்றார், மூச்சை அடக்கினார், குனிந்து தண்ணீர் குடித்தார். நிற்கவில்லை. புதன்கிழமை சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துகொண்டபோது அவர் முகத்தில் பயம் இருந்தது.

மறுநாள் அவள் விக்கலைத் தேடினாள். பக்கம் மெதுவாக இறங்கியது. முதலில் அந்த அமெரிக்காக்காரன் வந்தான். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அதற்குக் கீழே இன்னொரு பத்தி இருந்தது. இரண்டு நாளைக்கு மேல் நிற்காவிட்டால் டாக்டரிடம் காட்ட வேண்டும், சிறுநீரகமோ இருதயமோ காரணமாக இருக்கலாம் என்று போட்டிருந்தது. அதையும் படித்தாள். அந்த நேரம் லைன் கட்டாகி, மூன்றாவது கம்ப்யூட்டரில் இருந்தவர் கூப்பிட்டார். எழுந்து போனாள்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது முதல் பாதியை மட்டும் சொன்னாள். அப்பா விக்கலுக்கும் சிரிப்புக்கும் நடுவே மூச்சு வாங்கினார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “எட்டுக் கொழந்தைங்களா!” என்று அவள் தலையில் கையை வைத்து ஆட்டினார். அவள் சின்னப்பிள்ளையாக இருந்தபோது செய்தது.

கை கழுவிவிட்டுத் தனியாகச் சமையல்கட்டுக்கு வந்தார்.

“அம்மணி, அதுல வேற ஏதாச்சும் போட்டிருந்துச்சா?”

அவர் முகத்தில் சிரிப்பு இன்னும் மிச்சமிருந்தது.

“இல்லீங்ப்பா. அவ்வளவுதானுங்.”

நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். மறுநாள் அவள் எழுவதற்குள் அவர் முதல் டிரிப்புக்குப் போய்விட்டார். சாயங்காலம் சிரித்துக்கொண்டே வந்தவரிடம் சொல்ல மனசு வரவில்லை. அதற்கடுத்த நாளும் அப்படியே போனது. ஞாயிற்றுக்கிழமை, நேற்றுக் காலை, சுந்தராபுரம் ஸ்டாப்பில் விசில் கொடுக்கக் கையைத் தூக்கியவர் கம்பியைப் பிடித்தபடியே சரிந்துவிட்டார். பாலுசாமி பஸ்ஸையே ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப் போனார். இருதயம் என்றார் டாக்டர். விக்கல் வந்தபோதே காட்டியிருந்தால் ஒருவேளை பார்த்திருக்கலாம் என்றார்.

ஆண்கள் பாடையைத் தூக்கினார்கள். பெண்கள் தெரு முக்குவரை போனார்கள். ஆத்துப்பாலம் மயானத்துக்கு அதற்குமேல் அவர்கள் போகக்கூடாது. திரும்பி வந்து வாசலில் உட்கார்ந்ததும் அம்மா பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வெள்ளிக்கெழம ஆஸ்பத்திரிக்குப் போலாமுன்னு கூப்புட்டனுங்க்கா. ‘அறுவத்தெட்டு வருஷம் ஒருத்தன் இருந்திருக்கான், புள்ள படிச்சுப் பாத்துப்போட்டுத்தான சொல்லுது’ன்னாரு. நானும் சரின்னு உட்டுப்போட்டேன். கையப் புடிச்சு இழுத்துட்டுப் போயிருக்கோணும். நாந்தான் கொன்னுபோட்டேன்.”

“அப்படியெல்லாம் பேசாத அம்மணி” என்று பெரியம்மா எழுந்து போய்க் குடத்தையும் சீமாற்றையும் எடுத்து வந்தாள். வீட்டைக் கழுவிவிட வேண்டும்.

சண்முகப்பிரியா அம்மாவுக்கு எதிரே குத்துக்காலிட்டாள்.

“அம்மா. அதுக்குக் கீழ இன்னொண்ணு போட்டிருந்துச்சும்மா.”

“எதுக்குக் கீழ?”

“அந்த விக்கலுக்காரனுக்குக் கீழ. ரெண்டு நாளைக்கு மேல இருந்தா டாக்டர்கிட்டக் காட்டோணும், இருதயமாக்கூட இருக்குமுன்னு. நாம் படிச்சேன். அப்பா கேட்டாரும்மா, வேற ஏதாச்சும் இருக்குதான்னு. இல்லீன்னு சொல்லிப்போட்டேன்.”

“ஏன்?”

“அவுரு சிரிச்சுட்டு இருந்தாரு.”

அம்மா அவளையே பார்த்தாள். அடிப்பாள் என்று நினைத்தாள். அடித்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. அம்மா கையை ஊன்றி எழுந்தாள்.

“நீ உக்காரு, நாம் பாத்துக்கறேன்” என்ற பெரியம்மாவின் கையிலிருந்து சீமாற்றை வாங்கிக்கொண்டாள். குடத்தைச் சாய்த்துத் தண்ணீரைக் கொட்டினாள். அப்பாவைக் கிடத்தியிருந்த இடத்திலிருந்து பூவும் அரிசியும் மிதந்து வந்தன. அம்மா குனிந்து அவற்றை வாசல் பக்கமாகத் தள்ளிக்கொண்டே வந்தாள். தண்ணீர் சண்முகப்பிரியாவின் பாதத்தில் ஏறியது.

எழுந்திரு என்று அம்மா சொல்லவில்லை. அவளைச் சுற்றித் தண்ணீரைக் கூட்டித் தள்ளிக்கொண்டு போனாள்.