மறுபடி அளக்கும் நேரம்

பதினோரு வருடமாக அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மற்றவர் வயிற்றில் ஸ்கேன் எடுத்தவள் நான். அன்று அதே கட்டிலில் ஐந்து மாத வயிற்றோடு படுத்திருந்தேன். காகித விரிப்பு முதுகில் ஒட்டியது. கால் விரல்கள் ஒரு நிலையில் நிற்கவில்லை. "அசையாம படுங்க" என்று எத்தனை பேரை அதட்டியிருப்பேன்!

எனக்கு ஸ்கேன் எடுத்தது வாயாடி. என்னோடு ஒரே ஷிப்டில் வேலை பார்ப்பவள். பட்டப்பெயர் நான் வைத்தது. திரையைத் தன் பக்கம் திருப்பி வைத்திருந்தாள்.

"அக்கா, தலையத் தூக்கித் தூக்கிப் பாக்காதீங்க."

"நீ கருவியக் கொஞ்சம் சாய்ச்சுப் பிடி."

"படுத்துக்கிட்டும் அதிகாரம் போகல பாருங்க!"

காலடியில் நின்ற என் கணவர் சிரித்தார். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

தலையை அளந்தாள், முதுகெலும்பைப் பார்த்தாள். மாமியார், பஸ், புதுச் செருப்பு என்று வாய் ஓயவில்லை. அவள் பேசப் பேச எனக்கு உயிர் வந்தது. குழந்தையின் நெஞ்சுக்கு வந்ததும் கருவி நின்றது.

"காலையில என்னக்கா சாப்பிட்டீங்க?"

அந்தக் கேள்வி எங்கள் இருவரின் ஏற்பாடு. ஏதாவது தப்பாகக் கண்ணில் பட்டால் சட்டென்று வாயை மூடக் கூடாது, தாய் பயந்துவிடுவாள். சாப்பாட்டைக் கேட்டால் அவள் சொல்லிக்கொண்டிருப்பாள், நாங்கள் மறுபடி அளந்துகொள்வோம். பழக்க தோஷத்தில் என்னிடமே கேட்டுவிட்டு, வாயாடி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"திரையத் திருப்பு."

"டாக்டர் வரட்டும்கா."

"திருப்புடி!"

திருப்பினாள். இதயத்தின் கீழறைகளுக்கு நடுவே இருக்கவேண்டிய சுவரில் ஓர் ஓட்டை. சின்னது இல்லை. கோணம் தப்பு என்று சொல்ல வாயெடுத்தேன். கோணம் சரியாகத்தான் இருந்தது.

"என்னாச்சு? கொழந்த நல்லாத்தானே இருக்கு?" கணவர் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார். வாயாடியின் முகத்தில் ஈயாடவில்லை.

அவரிடம் சொல்லத்தான் வேண்டும். ஆனால் இன்னொரு முறை அளந்து பார்க்காமல் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. வாயாடியின் கையிலிருந்து கருவியைப் பிடுங்கி நானே என் வயிற்றில் வைத்தேன்.

"ஏங்க, காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"ஒண்ணாத்தானே சாப்பிட்டோம்?"

"பரவால்ல," என்றேன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "சொல்லுங்க."